கணமும் காலமும்: மின்சுற்றுக் கணிப்பு எழுப்பும் ஓர் அறவினா

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணியளவில் இலங்கைத் தீவு முழுவதும் ஒருசேர மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்து மின்னிணைப்பைத் தொட்டமையே காரணமென மின்சக்தி அமைச்சர் அன்றே தெரிவித்தார். நாடு சிரித்தது, பிறநாட்டுச் செய்தித்தாள்களும் வேடிக்கைத் துணுக்காக அதை வெளியிட்டன. பாணந்துறை மேற்குக் கரையில் இருக்கிறது. கிழக்கே கல்முனைக் கடைத்தெருவிலும், கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால் நாவிதன்வெளியின் வயலோரக் குடியிருப்புகளிலும் அதே வேளையில் மின்விசிறிகள் நின்றன.

சிரிப்பு அடங்கியபின் வேறொரு விளக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலின் மின்தேவை குறைவு. வெயில் நன்கு எறித்தமையாற் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுதி. ஆகவே சுழலும் பெரிய மின்பிறப்பாக்கிகள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. அதனால் மின்தொகுதியின் சடத்துவம் தாழ்ந்திருந்தது. ஓரிடத்துக் குழப்பத்தை அதனாற் தாங்க இயலவில்லை. மின்சார சபை தந்த விளக்கத்தின் சாரம் இதுவே. குரங்கின் செயல் ஒரு செக்கனின் சிறு பின்னத்தில் முடிந்தது. தொகுதி சரிந்தது சில செக்கன்களில். நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனமையால் அடுத்த இரு நாட்களும் முறைவைத்து மின்வெட்டு நடந்தது. சடத்துவக் குறைவோ பல ஆண்டுகளாக, கூரை கூரையாகச் சேர்ந்து வந்த ஒன்று. இத்துணை வேறுபட்ட கால அளவுகள் ஒரே நிகழ்ச்சிக்குள் அடங்கியிருக்கையில், காரணம் எக்காலத்தில் இருக்கிறது? பழி எக்காலத்தவரைச் சாரும்?

இவ்வினாவைச் சட்டத்துறையினரும் அரசியலாளரும் தமக்குரியதெனக் கொள்வர். ஆயினும் விரைவும் மெதுவும் கலந்த மின்சுற்றுகளைக் கணினியிற் கணிக்க முனைவோர் இதே வினாவை நாள்தோறும் எண்களாற் கேட்டு எண்களால் விடைகண்டு வருகின்றனர். அவர்தம் தொழிலைச் சற்று நோக்கின், வினாவின் அறப்பகுதியும் தெளிவுபெறும் என்பது நமது கருத்து.

மின்சுற்றின் நடத்தையை வகையீட்டுச் சமன்பாடுகள் விவரிக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றைத் தாளில் எழுதித் தீர்த்தல் இயலாது. ஆதலின் கணினி காலத்தைச் சிறு படிகளாக வெட்டுகிறது. ஒரு கணத்தில் மின்னழுத்தங்கள் இவை எனில் அடுத்த கணத்தில் எவையாகும் எனக் கணித்து, அவ்விடையை அடிப்படையாக வைத்து அதற்கடுத்த கணத்துக்குச் செல்கிறது. இந்த உலகப்படம் நமக்குப் புதியதன்று. பொருள்கள் கணந்தோறும் தோன்றி அழிகின்றன என்ற சௌத்திராந்திக பௌத்தரின் கொள்கையைச் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் எடுத்துரைத்து மறுப்பதைச் சிறப்புத் தமிழ் பயின்றோர் அறிவர். அஷ்அரிய்யாக் கலாம் அறிஞரும் காலத்தை அணுக்களாகக் கண்டு, இறைவன் உலகைக் கணந்தோறும் புதிதாகப் படைக்கிறான் என்றனர். அவர்களுக்குக் கணத்தின் அளவு பொருள்களின் இயல்பிலோ இறைவனின் சித்தத்திலோ அடங்கிய விடயம். கணிப்பவனுக்கோ அது தானே தேர்ந்தெடுக்கும் ஓர் எண். உலகை எத்தனை நுண்மையாகப் பார்ப்பது என்பதை அவனே தீர்மானிக்கிறான். பார்க்காமல் விட்டவற்றுக்கும் அவனே பொறுப்பாகிறான்.

எளிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தடையே இல்லாத ஒரு தூண்டியும் ஒரு கொள்ளளவியும் இணைந்த சுற்றில் மின்னோட்டம் குறையாமலும் கூடாமலும் என்றும் அலைந்துகொண்டிருக்கும். ஓர் அலைவுக்கு 20 படிகள் வைத்து அதனைக் கணிப்போம். ஒயிலரின் பெயரால் வழங்கும் முன்னோக்கு முறையைப் பயன்படுத்தின், ஒரே அலைவு முடிவில் வீச்சம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். பத்து அலைவுகளில் அது பல்லாயிரம் மடங்கைத் தாண்டும். பின்னோக்கு முறையைப் பயன்படுத்தின், ஓர் அலைவு முடிவில் வீச்சம் 39 சதவீதமாகச் சுருங்கும். சில அலைவுகளில் எல்லாம் அடங்கி, அமைதியான நேர்கோடு ஒன்று திரையில் நிற்கும். சரிவக விதியைப் பயன்படுத்தின் வீச்சம் சிறிதும் மாறாது. ஆனால் அலைவு ஏறத்தாழ 0.8 சதவீதம் பிந்தி ஓடும்; 62 அலைவுகள் கழிந்ததும், உண்மையில் முகடு இருக்கும் இடத்திற் கணிப்பு பள்ளத்தைக் காட்டும். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் 62 அலைவுகள் என்பது ஒன்றேகாற் செக்கன்.

மூன்றும் பிழைகளே. ஆயினும் அவை ஒரே தன்மையன அல்ல. முதலாவது கூச்சலிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அதை நம்பி எவரும் பாலம் கட்டமாட்டார், மின்தொகுதியும் அமைக்கமாட்டார். இரண்டாவதே நமக்கு அஞ்சத்தக்கதாகத் தோன்றுகிறது. இல்லாத அமைதியை அது இருப்பதாகக் காட்டுகிறது. காட்டுவது ஒழுங்காகவும் அழகாகவும் இருக்கிறது. 'உறுதிநிலை' என்ற சொல்லுக்கு நம் பரீட்சைகளில் முழுப் புள்ளி கிடைக்கும். ஆனால் விடை உறுதியாக நிற்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. ஓயாது அதிரும் சுற்று ஒன்று பின்னோக்கு முறையின் கண்ணில் நன்றாக அடங்கிய சுற்றாகவே தெரியும்.

மூன்றாவது பிழை மெதுவாகச் சேர்வது. அதன் உறவினன் ஒருவன் செய்த கேட்டுக்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1991 பெப்ரவரி 25ஆந் திகதி, நம் கரையோரத்தவர் பலர் தொழில் தேடிச் செல்லும் சவூதி அரேபியாவின் தஹ்ரானில், வந்த ஏவுகணையை அமெரிக்கப் பேட்ரியட் தொகுதி தடுக்கத் தவறியது. 28 படையினர் மாண்டனர். தொகுதியின் கடிகாரம் பத்திலொரு செக்கனை அலகாகக் கொண்டு எண்ணியது. அந்தப் பத்திலொன்றை 24 இருமக் கூறுகளுக்குள் முழுமையாக எழுத முடியாது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் விடுபட்டது ஒரு செக்கனின் கோடியிலொரு பங்குக்கும் சற்றுக் குறைவு. நூறு மணிநேரம் இடைவிடாது ஓடியபின் அது 0.34 செக்கன் ஆயிற்று. அவ்வளவு நேரத்தில் அந்த ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கும் மேல் கடந்துவிடும். பிழை முன்னரே அறியப்பட்டிருந்தது. 'மிக நீண்ட நேரம்' ஓடவிட்டால் விலகல் ஏற்படலாமெனச் சில நாட்களுக்கு முன் படையினருக்கு அறிவித்தும் இருந்தனர். எத்தனை மணிநேரம் மிக நீண்டது என்று மட்டும் எவரும் எழுதவில்லை. எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி மீளத் தொடங்கியிருந்தாற்கூட அந்தப் பிழை ஆபத்தாக வளர்ந்திராது. இங்கே குற்றம் எண்கணிதத்திலா, அந்த அறிவித்தலிலா என்று கேட்பின், நாம் அறிவித்தலையே சுட்டுவோம். எண்கணிதம் தவிர்க்கமுடியாத விடுபாட்டைச் செய்தது. அறிவித்தலோ விடுபாட்டின் அளவைச் சொல்லாமல் விட்டது.

பின்னோக்கு முறையை மேலே கடிந்தோம். அதற்குரிய நியாயத்தையும் கூறவேண்டும். ஒரு சுற்றில் ஒரு மைக்குரோ செக்கனில் அடங்கும் பகுதியும் ஒரு செக்கனில் அடங்கும் பகுதியும் சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். விரைவுப் பகுதி சில மைக்குரோ செக்கன்களிலேயே மறைந்துவிடும். ஆயினும் முன்னோக்கு முறை தன் படியை இரண்டு மைக்குரோ செக்கனுக்கு மேல் நீட்டமுடியாது. நீட்டினால் மறைந்துபோன பகுதியே பேயாக எழுந்து விடையைக் குலைக்கும். ஒரு செக்கனைக் கடக்க ஐந்து இலட்சம் படிகள் வேண்டும். இறந்ததற்கு இத்துணை மரியாதை வேண்டியதில்லை. இத்தகைய சமன்பாடுகளை 1952இல் கேட்டிஸ், ஹிர்ஷ்பெல்டர் என்னும் இரு அமெரிக்க வேதியியலார் 'விறைப்பானவை' என அழைத்துப் பின்னோக்கு முறைகளைப் பரிந்துரைத்தனர். 1963இல் சுவீடனின் டால்குவிஸ்ட், நேர்கோட்டுப் பலபடி முறைகளுள் எத்துணை நீண்ட படிக்கும் உறுதி குலையாதவை இரண்டாம் வரிசைக்கு மேற்பட்ட திருத்தத்தை அடையமாட்டா என நிறுவினார். உறுதிக்கும் நுண்மைக்கும் இடையே விலை உண்டு என்பதைக் கணிதமே சாற்றியது.

எனவே அடங்கி மறையும் விரைவை மறக்கலாம். அது நேர்மையான மறதி. மறையாது நிலைத்திருக்கும் விரைவை என் செய்வது? வானொலியின் காவி அலை செக்கனுக்குப் பத்து இலட்சம் முறை அதிர்கிறது. அதன்மேல் ஏறிவரும் குரலோ சில ஆயிரம் முறைக்குள் அடங்கிவிடுகிறது. நமக்கு வேண்டியது குரல். ஆனால் காவியின்றிக் குரல் வந்து சேராது. மின்வழங்கலிலும் இதே நிலைதான்: 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒரு நாளில் 43,20,000 முறை அலைகிறது, அலைவுக்கு இருபது படி வைப்பின் எட்டரைக் கோடிக்கு மேற்பட்ட படிகள். மாலையில் விளக்கேற்றும்போது தேவை எவ்வாறு ஏறுகிறது என்றறிய இவ்வளவும் வேண்டுமா?

இதற்கு ஓர் உபாயத்தை மருதமுனைத் தறியில் காணலாம். ஊடை நூல் ஒன்றே. அதனை நீட்டிப் பிடித்து அங்குலம் அங்குலமாக நோக்கினால், நிறம் மாறி மாறி வருவதன்றி வேறெதுவும் புலப்படாது. அதே நூல் பாவின் குறுக்கே மடங்கி மடங்கி இறங்கும்போது ஒரு சேலையாகிறது. அகலவாட்டில் ஒரு கோலம், நீளவாட்டில் மெல்ல மாறும் இன்னொரு கோலம். ஒற்றை நூலில் மறைந்திருந்த இரண்டும் துணியில் ஒரே பார்வையில் தெரிகின்றன. சென்ற நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியரான பிராக்டென்டோர்ப் குழுவினரும், பின்னர் ஜெய்ஜீத் ராய்சௌத்ரியும் வளர்த்த முறை இதை ஒத்தது. ஒற்றைக் காலத்தை அவர்கள் இரு காலங்களாக மடித்தனர்: அகலவாட்டில் காவியின் விரைவுக்காலம், நீளவாட்டில் செய்தியின் மெதுகாலம். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமக்கும் மேற்சொன்ன காவியில், ஒலியின் ஓர் அலைவுக்குள் ஆயிரம் காவி அலைவுகள் உள. நூலாகக் கணிப்பின் 20,000 புள்ளிகள் வேண்டும். துணியாகக் கணிப்பின் இருபதுக்கு இருபது, நானூறே போதும். விரைவு இங்கே மறக்கப்படவில்லை; அதன் கோலம் ஒருமுறை அறியப்பட்டு, அக்கோலம் மெல்ல மாறுவதே தொடரப்படுகிறது.

மின்வழங்கற் பொறியியலார் இக்கருத்தின் எளிய வடிவத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கையாண்டு வருகின்றனர். 1893இல் சிகாகோ மாநாட்டில் ஸ்டைன்மெற்ஸ், மாறுமின்னோட்டத்தை அலையாக வரையாமல், நீளமும் கோணமும் கொண்ட ஓர் அம்பாகக் குறிக்கலாம் எனக் காட்டினார். அலை மறைந்தது, அம்பின் நீளமும் கோணமும் மெல்ல மாறுவது மட்டும் கணக்கில் நின்றது. அத்துறையின் பெரும் பகுதி இவ்வம்பின்மீதே கட்டப்பட்டது. மீடிறன் மெதுவாகவே மாறும் என்பது அதன் அடியிற் கிடக்கும் எடுகோள்.

அந்த எடுகோள் எங்கிருந்து வலிமை பெற்றது? சுழலும் இரும்பிலிருந்து. பெரிய பிறப்பாக்கியின் சுழலி பல தொன் எடையுள்ளது. எங்கோ ஒரு வழு நேரின், அது தன் வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்து அச்சக்தியை வலையமைப்புக்கு ஈந்து, சில செக்கன்களை நமக்குக் கடனாகத் தருகிறது. சேனாநாயக்க சமுத்திரத்தின் அடியில் இங்கினியாகலையிற் சுழலும் சிறிய இயந்திரங்களும் தம்மளவில் அதைச் செய்வன. கூரைச் சூரியத் தட்டுக்குச் சுழலும் இரும்பில்லை. இலத்திரனியற் கருவியொன்று மைக்குரோ செக்கன்களில் ஆளிகளைத் திறந்து மூடி மின்னைத் தருகிறது. வழுவொன்றைக் கண்டால் தன்னைக் காத்துக்கொள்ள உடனே விலகியும் விடலாம். இரும்பு குறைந்து தட்டு மிகும்போது மீடிறன் முன்போல் மெதுவாக மாறுவதில்லை. மெதுவெனப் பெயரிட்டு வைத்திருந்தது விரைவாகிவிடுகிறது. கணிப்பு முறையின் எழுத்து ஒன்றும் மாறவில்லை. அது நின்ற தரை மாறிவிட்டது.

நாவிதன்வெளி விவசாயிக்கு இதை விளக்கப் பெருமுயற்சி வேண்டாம். சேனாநாயக்க சமுத்திரம் மாரி முழுவதும் மெல்ல நிரம்பும். அதன் மட்டத்தை நாளுக்கொருமுறை பார்ப்பது போதும். கிட்டங்கித் தாம்போதியை அவ்வாறு பார்ப்பது போதாது. காலையில் நடந்து கடந்த இடத்தை மாலையில் வெள்ளம் மூடியிருக்கும். குளத்துக்கு நீண்ட படி, தாம்போதிக்குக் குறுகிய படி என வகுத்துக் கணிப்பதைப் பலவீத முறை என்பர். 1984இல் கியரும் வெல்சும் இதனை முறையாக ஆராய்ந்தனர். இம்முறையின் நெருக்கடி இரு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. குறுகிய படியில் ஓடும் பகுதி, நீண்ட படிக்காரனிடம் இடைக்கணத்தின் அளவைக் கேட்கும். அவன் நேற்றையதையும் நாளையதையும் இணைத்து ஊகித்துச் சொல்வான். வான்கதவு திறக்கப்படும் இரவில் அந்த ஊகம் பயன்படாது.

இவ்விடத்திற் செம்மையான கணிப்பு நிரலின் பண்பு ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். அது ஒவ்வொரு படியையும் எடுத்தபின் எவ்வளவு பிழைத்திருக்கலாமென மதிப்பிடும். மதிப்பீடு எல்லை மீறின் அந்தப் படியைத் தானே நிராகரித்து, பின்சென்று, குறுகிய படியுடன் மீளத் தொடங்கும். நெடிய படி எடுப்பது பாவமன்று. திரும்பிச் செல்லும் வழியை அடைத்துவிட்டு எடுப்பதே குற்றம். இன்று உலகெங்கும் மின்சுற்றுப் பாடத்திற் பயன்படும் 'ஸ்பைஸ்' நிரல் இப்பண்புடையது. அது 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பேர்க்லியில், டொனால்ட் பீடர்சனின் வழிகாட்டலில் லோரன்ஸ் நேகல் முதலியோரால் ஆக்கப்பட்டு, எவரும் பெற்றுக்கொள்ளத்தக்கதாக வெளியிடப்பட்டது. அதன் முன்னோடிக்கு 'கான்சர்' என்று பெயர். நேகலும் ரொனால்ட் ரோறரும் 1971இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலிருந்து வந்த எழுத்துச் சுருக்கம் அது: நேர்கோட்டியல்பற்ற சுற்றுகளின் கணினிப் பகுப்பாய்வு, கதிர்வீச்சு நீங்கலாக. அக்காலத்தில் இத்தகைய நிரல்கள் பலவும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் உருவாகின; அணுகுண்டின் கதிர்வீச்சிலும் சுற்று தாக்குப்பிடிக்குமா எனக் கணிப்பது அவற்றுக்கு விதிக்கப்பட்ட கடமை. பேர்க்லிக் குழுவினர் அதை விட்டனர். விட்டதைத் தம் நிரலின் பெயரிலேயே எழுதினர். விகாரமான பெயர்தான். ஆயினும் தான் எதைக் கணிக்கவில்லை என்பதைத் தலைவாசலிலேயே எழுதிவைத்த வேறொரு நிரலை நாம் அறியோம். தஹ்ரானுக்குச் சென்ற அறிவித்தலில் இந்த நேர்மையிற் பாதி இருந்திருப்பினும் போதும்.

இனிப் பாணந்துறைக்கு வருவோம். கணபங்க வாதத்துக்கு எதிராக நம் தரிசன நூல்கள் எழுப்பிய தடை ஒன்றுண்டு: பொருள் கணந்தோறும் வேறாகுமெனில் வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் மற்றொருவன் ஆவான், செய்தவன் தப்புவான், செய்யாதவன் சுமப்பான். பௌத்தர் இதற்குச் சந்தானம், அதாவது தொடர்ச்சி, என்று விடையிறுத்தனர். அவ்விடை போதுமா என்ற வழக்கைத் தத்துவ மாணவர்க்கு விட்டுவிடுவோம். அன்றைய நிகழ்ச்சியைக் குரங்கோடு முடிப்பவர் தொடர்ச்சியையும் கைவிட்ட கணவாதியே. அவர் உலகில் பதினொரு மணிக்கு முன் ஒன்றுமில்லை. மறுபுறம், எல்லாம் சடத்துவக் குறைவின் பயன் என்று மட்டும் சொல்பவர், பின்னோக்கு முறையைப் போல, அந்தக் கணத்தை அழகாக அடக்கிவிடுகிறார். வேலி ஏன் குரங்கைத் தடுக்கவில்லை, வழு ஏன் பாணந்துறையோடு நிற்கவில்லை என்ற கேள்விகள் அவர் வரைபடத்தில் மறைந்துபோகின்றன. இரண்டுள் ஒன்றைத் தெரிவது நடுநிலையான தொழில்நுட்பச் செயலன்று. படியளவைத் தெரிபவர், யார் விசாரிக்கப்படுவார், யார் விசாரிக்கப்படார் என்பதையும் சேர்த்தே தெரிகிறார்.

சுமந்தவர் யாரென்பதற்கும் ஒரு விடை கிடைத்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகலில் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை அவற்றின் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. தொகுதியைக் காக்க அது வேண்டியிருந்திருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. 2016இல் 'சூரிய பல சங்ராமய' என்ற திட்டத்தைத் தொடங்கி, கூரைதோறும் தட்டு வைக்குமாறு அழைத்தது அரசே. அவ்வழைப்பை ஏற்றுக் கடன் வாங்கித் தட்டு வைத்தவர், அன்று மின்கலங்களுக்கும் சடத்துவத்துக்கும் என்ன ஏற்பாடு என்று கேட்கக் கடமைப்பட்டவரல்லர். அக்கணக்கைப் போடவேண்டியவர் வேறு. பெப்ரவரி 9 பற்றி எந்த அறிக்கை கையில் கிடைப்பினும், நம் பொறியியல் மாணவரும் சட்ட மாணவரும் முதலில் அதன் கால அட்டவணையைப் பார்க்கவேண்டும்: முதல் வரி அன்று காலை எத்தனை மணியிற் தொடங்குகிறது, அல்லது எந்த ஆண்டிற் தொடங்குகிறது என்று.